தோல்வியில் தொடங்கிய பொதுவாழ்வு



மாநகரசபை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன சொத்து வரியும் குப்பை வண்டியுமே. "அரசியல் நமக்கு எதற்கு? படிப்பைப் பார்" என்று பிள்ளைகளிடம் கூறிவந்தவர்களுள் கணினித் துறையினனாகிய நானும் ஒருவன். அவ்வெண்ணத்தை மாற்றியது, கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த ஹாரி ராங்கின் அவர்களின் வாழ்வு.

1920இல் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரில் போர்வீரராகப் பணியாற்றித் திரும்பிச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வான்கூவரில் வட்டார வாரியான தேர்தல் இல்லை. ஒவ்வொருவரும் நகர் முழுவதிலும் வாக்குத் திரட்ட வேண்டும். அதனால் பணபலம் உள்ளோர்க்கே வாய்ப்பு மிகுதி. ராங்கின் தோற்றார், மீண்டும் நின்றார், மீண்டும் தோற்றார். இவ்வாறு பலமுறை தோற்ற பின்னரே 1966இல் வென்றார். 1968இல் முற்போக்கு வாக்காளர் குழுவைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் அவரே.

அக்காலத்தில் சீனர் குடியிருப்பை ஊடறுத்து விரைவுச்சாலை அமைக்கத் திட்டமிடப்பட்டது. ராங்கின் அதனைச் சபையில் எதிர்த்தார். ஆயினும் ஓர் உறுப்பினரின் குரல் மட்டும் போதியதன்று. 1940களின் பிற்பகுதி வரை வாக்குரிமையே மறுக்கப்பட்டிருந்த அம்மக்கள், அண்டை அயலாரோடு இணைந்து கூட்டங்களை நிறைத்தனர். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. எனினும் அதன் ஒரு பகுதியான மேம்பாலங்கள் கட்டப்பட்டன. கறுப்பின மக்கள் வாழ்ந்த சந்து ஒன்று அழிந்தது. வெற்றி முழுமையானதன்று.

1986இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டு ராங்கின் தோற்றார். 1988இல் மீண்டும் உறுப்பினராகி, 1993 வரை பணியாற்றினார். 2002 பெப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவரது குழு மேயர் பதவியையும் சபைப் பெரும்பான்மையையும் வென்றது. அதைக் காண அவர் இல்லை.

பெற்றோர்களே, ஒரு மாலைப் பொழுதேனும் பிள்ளைகளுடன் உங்கள் நகரசபைக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். நூலக நேரம், பேருந்துத் தடம் போன்றவற்றைப் பாதிக்கும் முடிவுகள் பல நகரங்களில் அங்கே எடுக்கப்படுகின்றன. இளையோர்களே, முதல் தேர்தலில் தோற்றால் மீண்டும் நில்லுங்கள். அன்று "அப்போதே சொன்னேனே" என்று நாங்கள் கூறமாட்டோம். உங்களுக்காகத் துண்டறிக்கை விநியோகிக்க வருவோம்.