வானத்தில் ஒன்றரை மணி. வயலிலிருந்து எத்தனை மணி?
(ஓட்டப்பிடாரத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாகைகுளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அதைப் பார்த்து, "மிளகாயையும் உளுந்தையும் விட்டுவிட்டு மல்லிகையும் முருங்கையும் போட்டு விமானத்தில் அனுப்பலாமா?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். பயிரை மாற்றுமுன் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

வாகைகுளத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம், வான்வழி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 527 கிலோ மீட்டர். சாலையில் சுமார் 600; மதுரை, திருச்சி என்று சுற்றிச் செல்லும் இரயிலில் சுமார் 650. விசிறி பூட்டிய சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோ மீட்டர் பறக்கும். அப்படியானால் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாகத்தானே ஆக வேண்டும்? ஆனால் மேலே ஏறவும், இறங்கவும், சென்னையில் இறங்க முறை வரும்வரை காத்திருக்கவும் நேரம் பிடிப்பதால் ஒன்றரை மணி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இது விமானத்தின் கணக்கு. நம் கணக்கு வேறு. இங்கிருந்து வாகைகுளம் செல்ல முக்கால் மணி. சரக்கை எடை போட்டு, சோதித்து, ஏற்ற இரண்டு மணி. பறக்க ஒன்றரை மணி. சென்னையில் இறக்கி வாங்க ஒரு மணி. அங்கிருந்து கோயம்பேடு போக ஒரு மணி. ஆக ஆறு மணிக்கு மேல். லாரியோ மாலையில் புறப்பட்டால் பதினொன்று, பன்னிரண்டு மணியில் விடியற்காலைச் சந்தைக்குப் போய்ச் சேரும். மிச்சம் ஐந்தாறு மணி மட்டுமே.

அந்த ஐந்தாறு மணிக்குக் கூடுதல் கூலி கொடுக்கலாமா என்பது சரக்கைப் பொறுத்தது. விடியலில் பறித்த மல்லிகை மொட்டு மாலைக்குள் மலர்ந்துவிடும், அதற்குக் கொடுக்கலாம். இரண்டு மூன்று நாள் தாங்கும் முருங்கைக்குச் சென்னை வரை விமானம் வேண்டியதில்லை. நம் கரிசல் மிளகாய் வற்றலுக்கோ, கேட்கவே வேண்டாம்!

வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவது தனிக் கதை. வாகைகுளத்திலிருந்து இப்போது உள்நாட்டு விமானங்களே செல்கின்றன. அயல்நாட்டுச் சரக்குக்கு மதுரை அல்லது திருவனந்தபுரம் போக வேண்டும். இரண்டுமே வாகைகுளத்திலிருந்து நேர்க்கோட்டில் 125 கிலோ மீட்டர் அளவுதான். ஆனால் மதுரைக்குச் சமவெளிச் சாலை. திருவனந்தபுரத்துக்கோ மேற்கு மலைத்தொடரைக் கடக்க ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் தெற்கே சுற்ற வேண்டும். வரைபடத்தில் விரல் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம்.

என் உறவினர் ஒருவர் அப்படித்தான் ஏமாந்தார். வேறோர் ஊர் விமான நிலையத்துக்கு முருங்கைக் கட்டுகளைக் கொண்டு சென்றார். விமானம் புறப்பட இன்னும் இரண்டு மணி இருந்தது. சரக்கு வாங்கும் நேரமோ இருபது நிமிடம் முன்பே முடிந்துவிட்டது. காயை உள்ளூர்ச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

ஆகவே மல்லிகை நட விரும்புவோர் முதலில் பத்து, பதினைந்து சென்டில் மட்டும் நடுங்கள். சரக்கை எத்தனை மணி வரை வாங்குவார்கள், சிறு விமானத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஏற்றுவார்கள், விமானம் ரத்தானால் பூ யார் பொறுப்பு என்ற மூன்றையும் சரக்கு முகவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு வந்தால், உங்கள் நிலத்துக்கு எந்தப் பயிர் என்று உட்கார்ந்து பேசலாம்.