அவைக்கு அஞ்சியவன் பேசுகிறேன்

(அறவாரியத்தின் தொடக்கநிலை மேடைப்பேச்சுப் பயிற்சி வகுப்பு, மூன்றாம் அணியின் நிறைவு நாளன்று ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்போதும் என் கைகள் குளிர்ந்துதான் இருக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் உற்றுப் பார்த்தால் என் கையிலுள்ள காகிதம் ஆடுவது தெரியும். காற்றாடியின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

என்னை உங்களில் பலர் "வாத்தியார்" என்று அழைக்கிறீர்கள். 37 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு 2020இல் ஓய்வு பெற்றவன். "முப்பத்தேழு வருசம் பேசியே சம்பளம் வாங்கின மனுசனுக்குப் பேச பயமா?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்பார். பிள்ளைகள் முன்னால் எனக்குப் பயம் வந்ததில்லை. பெரியவர்கள் பத்துப் பேர் வரிசையாக அமர்ந்து என் முகத்தைப் பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கெடாவில், சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். 1971இல் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பேச என்னை நிறுத்தினார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தது. அந்த ஒரு சொல்லோடு மற்ற எல்லாமே போய்விட்டது. கூட்டம் சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சின்னப் பையன் விழிப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் என் அப்பா தலையைக் குனிந்துகொண்டதை மேடையிலிருந்து பார்த்துவிட்டேன். அன்று இறங்கியவன்தான், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த மேடையிலும் ஏறவில்லை.

துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு வந்தபோது குடும்பச் சூழ்நிலை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டுமே என்ற பயம்தான் உண்மைக் காரணம். நண்பர்கள் அதை அடக்கம் என்றார்கள். நானும் அந்தப் பெயரை மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், திருக்குறள் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தியவன் நான். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. போர்க்களத்தில் அஞ்சாமல் உயிரை விடுபவர்கள் பலர் உண்டு, அவையில் அஞ்சாமல் பேசுபவர்கள் சிலரே என்று வள்ளுவர் சொல்வதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். என் கதையை நானே விளக்குகிறேன் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதனால் எனக்கு மட்டும்தான் நட்டம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது தவறு என்று 2022ஆம் ஆண்டு ஆலயப் பொதுக்கூட்டத்தில் தெரிந்தது.

நம் ஆலயத்தில் சனிக்கிழமை காலையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் வகுப்பு நடந்துவந்ததை நீங்கள் அறிவீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஆலய வருமானம் குறைந்துபோனதால் செலவுகளைச் சுருக்க வேண்டிய நிலை. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. "தேர்வே இல்லாதபோது டியூஷன் எதற்கு?" என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர்மீது குறை சொல்ல மாட்டேன். கணக்கைப் பொறுப்போடு பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்குப் பதில் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு தாள் எழுதி மடித்து வைத்திருந்தேன். தேர்வு போனாலும் மலாய் மொழி போகவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் அன்றே கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் வேறு மொழிச் சூழலுக்கு மாறுகின்றன. மலாய் மொழியில் பின்தங்கிய பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகக் கழிக்க வேண்டியிருந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம்தான் கைப்பிடி. இவ்வளவையும் எழுதியிருந்தேன்.

தலைவர், "யாராவது கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று இருமுறை கேட்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, காதில் கேட்டது. நாற்காலியின் கையைப் பிடித்தேன், எழவில்லை. தீர்மானம் நிறைவேறியது. வெளியே போய்த் தேநீர் குடித்தேன். தாள் பையிலேயே இருந்தது.

சில வாரங்கள் கழித்து, வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனின் பாட்டி என்னைச் சன்னிதி வாசலில் பார்த்தார். "சனிக்கெழம வகுப்பு எப்ப சார் ஆரம்பிக்கும்? பையன் பையத் தூக்கிக்கிட்டு வந்து கேட்டப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டான்" என்றார். நான் என்ன பதில் சொல்வது? "பார்க்கிறோம் அம்மா" என்றேன். கருவறையில் நம் பெருமானின் வலக்கை அபய முத்திரை காட்டி நிற்கிறது. "அஞ்சாதே" என்று சொல்லும் அந்தக் கையைப் பல ஆண்டுகளாகக் கும்பிட்டு வந்திருக்கிறேன். நோய்க்காக வேண்டியிருக்கிறேன், வீட்டுக் கடனுக்காக வேண்டியிருக்கிறேன். என் நாக்குக்காக ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் முருகன் அருளால் பேசி, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு. அவர் குழந்தை. எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அருள் எனக்கு ஆறு வார வகுப்பாகத்தான் வந்தது.

2023இல் அறவாரியம் இந்தத் தொடக்கநிலை வகுப்பை முதன்முதலாக நடத்தியது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம். பதினான்கு பேர் சேர்ந்தோம். படிவம் நான்கு மாணவி ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா ஒருவர். எல்லாரிலும் மூத்தவன் நான். பயிற்சி கொடுத்த பெண்மணி என் பழைய மாணவி. அவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

முதல் வாரம், ஒரு நிமிடம் எழுந்து நின்று நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என் பெயரையும் ஊரையும் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. அடுத்து எழுந்த பூக்கட்டும் அம்மா, மல்லிகையை எப்படித் தண்ணீர் தெளித்து வைப்பது, துளசியை எந்த இடைவெளியில் வைத்துக் கட்டுவது என்று கையை அசைத்து அசைத்துப் பேசினார். நிமிடம் முடிந்தும் நிறுத்தவில்லை. வகுப்பு முடிந்தபின் என் மாணவி என்னருகில் வந்து, "சார், தெரிஞ்சதச் சொல்லு, போதும்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்வீங்க" என்றார். நான் சொன்னது எனக்கு நினைவில்லை. அவர் முப்பது ஆண்டுகளாக வைத்திருந்தார்.

இரண்டாம் வாரம் பயத்தைப் பற்றிப் படித்தோம். பயம் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்கு உடல் செய்யும் அதே ஏற்பாடு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு தணியும். கால்கள் இரண்டையும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். கூட்டம் முழுவதையும் பார்க்காமல், இடத்தில் ஒருவர், நடுவில் ஒருவர், வலத்தில் ஒருவர் என்று மூன்று முகங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் வாரம் மனப்பாடத்துக்குத் தடை. முழு உரையையும் எழுதி ஒப்பிக்கக் கூடாது. ஒரு சின்ன அட்டையில் ஐந்து சொற்கள் மட்டும். 1971இல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சொல் மறந்தால் அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம்; யாருக்கும் தெரியாது.

நான்காம் வாரம் ஒரு பித்தளைச் செம்பு வந்தது. "வந்து", "அதாவது", "என்னன்னா" என்று தேவையில்லாமல் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு மொச்சைக்கொட்டை விழும். என் மூன்று நிமிடப் பேச்சில் பதினேழு கொட்டை. அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பது ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்த அதே சிரிப்புதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாம் வாரம் சீட்டெடுத்து உடனே பேசும் பயிற்சி. ஆறாம் வாரம் ஐந்து நிமிட உரை. நேரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள். இந்த முறைகளில் பல, டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் பழக்கத்தில் உள்ளவை. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924இல் கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஆரம்பித்தது அந்த இயக்கம். பயந்தவர்கள் ஒருவர் முன் ஒருவர் பேசிப் பழகுவதற்கு ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை.

அந்தக் கடைசி உரைக்கு நான் காந்தியடிகளை எடுத்துக்கொண்டேன். இலண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய அவர், பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றம் ஒன்றில் தம் முதல் வழக்குக்காக எழுந்தபோது தலை சுற்றி, ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் அமர்ந்துவிட்டார்; கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். "சத்திய சோதனை"யில் அவரே இதை எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டி, வாழ்க்கையில் முதன்முறையாகப் பொதுக்கூட்டத்தில் பேசினார். அங்கிருந்த நம் மக்கள் பட்ட இழிவு அவரை எழுப்பி நிறுத்தியது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பையில் மடித்துக் கிடந்த அந்த இரண்டு தாள் என் நினைவுக்கு வந்தது.

2024 பொதுக்கூட்டம் வந்தது. "பிற விவகாரங்கள்" என்றதும் கையைத் தூக்கினேன். முழங்கால் நடுங்கியது. மூச்சை விட்டேன். மூன்று முகங்களைத் தேடிக்கொண்டேன். அவற்றில் ஒன்று அந்தப் பாட்டியின் முகம். நான்கு நிமிடம் பேசினேன். மாதச் செலவு 850 வெள்ளி, ஆசிரியர்களாக ஓய்வுபெற்ற மூவர் ஊதியமின்றி வரத் தயார், அதனால் செலவைப் பாதியாக்கலாம் என்றேன். நடுவில் இரண்டு முறை தடுமாறினேன். யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலையில் பதினொரு பிள்ளைகளோடு வகுப்பு மறுபடி தொடங்கியது.

கூட்டம் முடிந்ததும், 2022இல் செலவைக் குறைக்கச் சொன்ன அதே நண்பர் என் தோளைத் தொட்டார். "சார், இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க நிறுத்தியே இருக்க மாட்டோமே" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அந்தப் பையன் அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான், புகுமுக வகுப்பு வழியாக. அந்த ஓராண்டில் என் பங்கும் இருக்கிறது. நான் அடக்கம் என்று பெயர் சூட்டி வைத்திருந்ததற்கு விலை கொடுத்தது அவன்.

அன்பர்களே, சான்றிதழ் வாங்கப்போகும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பயம் முழுவதும் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குப் போகவில்லை, இந்தக் காகிதமே சாட்சி. பயத்தோடேயே எழுந்திருங்கள். பள்ளிக்கூடத்தில், தொழிற்சங்கத்தில், குடியிருப்போர் கூட்டத்தில், நம் ஆலயப் பொதுக்கூட்டத்தில், உங்களுக்குத் தெரிந்த ஒன்று வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். தலைவர் கேட்கும்போது கையைத் தூக்குங்கள்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கொடுத்த பணம் கோபுரத்துக்குப் போனால் கண்ணுக்குத் தெரியும். அன்னதானத்துக்குப் போனால் இலையில் தெரியும். இந்த வகுப்புக்குப் போன பணம் இதுவரை மூன்று அணிகளில் எழுந்து நின்று பேசியவர்களிடம் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்த ஒரு வாத்தியாரும் அதில் ஒருவன். உங்களுக்கு என் நன்றி.

சிவப்பு அட்டையைத் தூக்கிவிட்டார்கள். என் மாணவிதான். சொன்ன நேரத்தில் நிறுத்துவதும் அவர் கற்றுக்கொடுத்த பாடமே.