பரிவைப் பாடமாக்கலாமா?

பரிவைப் பாடமாக நடத்த முடியுமா என்று நடுவர் கேட்டார். முடியும், மதிப்பெண் போட்டால்தான் கெட்டுவிடும் என்பது என் கட்சி.

சிங்கப்பூர் விக்டோரியா சாலையில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய கான்வென்டுக்கு ஒரு சிறு வாசல் உண்டு. ‘நம்பிக்கை வாயில்’ என்பார்கள். கன்னியர் 1854இல் வந்தவர்கள். வளர்க்க வழியில்லாத பச்சிளங்குழந்தைகளை அங்கே விட்டுப் போனார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் என்பதற்காகவே விடப்பட்டவையும் உண்டு. கன்னியர் எடுத்து வளர்த்தார்கள். பள்ளி 1983இல் தோ பாயோவுக்குப் போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது உணவகங்கள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். பிறகு லூக்கா நற்செய்தியிலுள்ள நல்ல சமாரியர் கதையைச் சொல்லுங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியரும் கண்டும் விலகிப் போனார்கள். யூதர் ஒதுக்கிய சமாரியரோ காயம் கட்டி, சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியமும் கொடுத்தார். கவனியுங்கள், இரக்கம் செலவுக் கணக்கு வரை போகிறது!

அடுத்து, வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுபவர் யார், வாட்ஸ்அப் குழுவில் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அந்த வயதில் ஒதுக்கப்படுவது அடியைவிட வலிக்கும். ‘பாவம்’ என்று எழுதித் தருவதை வாங்காதீர்கள். மறுநாள் இடைவேளையில் அந்த மேசைக்கு எவராவது போகிறார்களா என்று சத்தமில்லாமல் பாருங்கள்.