கிளிசரினும் பிளாஸ்டிக்கும்

 

புதிதாக வாங்கிய மழைக்கோட்டு துணிபோல் வளைகின்றது. சில ஆண்டுகளில் விறைத்து வெடிக்கின்றது. அதன் காரணத்தை ஆராய்வோம்.

பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. அவற்றினிடையே சிறு மூலக்கூறுகள் புகுந்தால் பிடி தளர்ந்து, பொருள் மென்மையாகின்றது. அவ்வாறு புகுத்தப்படும் பொருளை இளக்கி என்போம். 1926ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலார் வால்டோ செமன் பி.வி.சி.யை இம்முறையில் மென்மையாக்கினார்.

ஆயினும், இளக்கி அச்சங்கிலிகளோடு வேதிமுறையில் பிணைவதில்லை, நாளடைவில் வெளியேறுகின்றது. மழைக்கோட்டு விறைப்பதும் இதனாலேயே. குழந்தை பொம்மையைக் கடித்தால் அது வாய்க்குள்ளும் செல்லும். எனவே ஐரோப்பிய ஒன்றியம், குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் தாலேட்டு வகை இளக்கிகள் சிலவற்றை 1999இல் தற்காலிகமாகத் தடை செய்தது. 2005இல் அத்தடையை நிலையாக்கியது.

மாற்றுக்கு ஒரு வழி கிளிசரின். எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்யும்போதும், 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் எஞ்சுகின்றது. அதில் கலந்துள்ள உப்பையும், நஞ்சாகிய மெத்தனாலையும் முதலில் நீக்கித் தூய்மைப்படுத்த வேண்டும்.

பின்னர், 92 கிராம் கிளிசரினை 180 கிராம் அசிட்டிக் அமிலத்துடன், சிறிது வினையூக்கி சேர்த்துச் சூடாக்குகின்றனர். உண்டாகும் நீரை அகற்ற அகற்ற வினை முன்னேறுகின்றது. முழுமையாக முடிந்தால் 218 கிராம் டிரைஅசிட்டினும் 54 கிராம் நீரும் கிடைக்கும். செல்லுலோஸ் அசிட்டேட்டு என்னும் பிளாஸ்டிக்கை இளக்க டிரைஅசிட்டின் பயன்படுகின்றது. பி.வி.சி.க்கோ எளிதில் ஆவியாகாத, பெரிய மூலக்கூறு வேண்டும். அதற்கென ஆமணக்கெண்ணெயையும் அசிட்டிக் அமிலத்தையும் கொண்டு டென்மார்க்கு நிறுவனமொன்று ஓர் இளக்கியை உருவாக்கியது. ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் வகிப்பதோ இந்தியா!

இளைஞர்களே! உட்சென்றது 272 கிராம்; வெளிவந்ததும் 272 கிராம். இக்கணக்கு எவர்க்கும் சலுகை காட்டுவதில்லை, எவரையும் விலக்குவதுமில்லை. சோப்புக் காய்ச்சும் இடத்திலும் பிளாஸ்டிக் வார்க்கும் இடத்திலும் கூலிக்கு உழைக்கும் நம் கைகள், ஆய்வுக்கூடத்தில் தராசையும் பிடித்தல் வேண்டும். கழிவென்று ஒதுக்கப்பட்டதைப் பயன்பொருளாக்கும் வேதியியலை விரும்பிக் கற்பீர்களாக!