வாங்குவீர்களா என்று கேட்க வேண்டாம்

(மாணவர் புத்தாக்கக் குழுக்களின் வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



சிறுதானிய லட்டு, மூலிகைச் சோப்பு, துணிப்பை என்று நம் மாணவர்கள் பல தொழில் யோசனைகளோடு வருகிறார்கள். மாதிரி செய்வதிலும் விளக்க அட்டை தயாரிப்பதிலும் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். இடையில் ஒரு படி விடுபட்டுவிடுகிறது. அந்தப் பொருளை வாங்கக்கூடியவர்களிடம் நேரில் போய்ப் பேசுவதுதான் அது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பேசிவிட்டு வரச் சொன்னால், மாணவர்கள் முதலில் எழுதும் கேள்வி, "நாங்கள் இதைச் செய்தால் வாங்குவீர்களா?" என்பதுதான். சீருடையில் ஒரு பிள்ளை வந்து இப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள்? "கண்டிப்பா வாங்குறோம் கண்ணு" என்பார்கள். அது பாசம், அதை வைத்துத் தொழில் தொடங்க முடியாது. வகுப்பில் நாம் "புரிந்ததா?" என்று கேட்கும்போதும் இதுதானே நடக்கிறது? "புரிந்தது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னால்தான் உண்மை நிலை தெரியும்.

கோவை அருணாச்சலம் முருகானந்தம் அவர்களை நாம் அறிவோம். குறைந்த விலையில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கி, 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தொடக்கத்தில் தம் நாப்கினை மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்துக் கருத்துப் படிவமும் தந்தார். திரும்ப வாங்கப் போனபோது, எல்லாருடைய படிவங்களையும் மூன்று பேரே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். படிவம் நிரம்பிவிட்டது, ஆனால் அதில் செய்தி இல்லை. நம் மாணவர்கள் கொண்டுவரும் படிவங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்று துணிப்பை தைத்து விற்க நினைத்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆகவே விற்பனை உறுதி என்பது அவர்கள் கணக்கு. கேட்டவர்கள் எல்லாரும் "வாங்குவோம்" என்றார்கள். பிறகு கேள்விகளை மாற்றினோம்.

கடைசியாக எப்போது கடைக்குப் போனீர்கள்? வாங்கியதை எதில் கொண்டுவந்தீர்கள்? வீட்டில் துணிப்பை இருக்கிறதா? அன்று ஏன் எடுத்துப் போகவில்லை?

இப்போது வேறு பதில்கள் வந்தன. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகளே வீட்டில் மடித்துக் கிடக்கின்றன. வேலை முடிந்து வரும் வழியில் திடீரென்று வாங்குவதால் பை கையில் இருப்பதில்லை. மீனுக்கும் இட்லி மாவுக்கும் துணிப்பை உதவாது. ஆக, பைக்குப் பஞ்சமே இல்லை. தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லாததுதான் சிக்கல். சாவிக்கொத்தில் மாட்டும் அளவுக்கு மடங்கும் பை என்று குழு தன் யோசனையை மாற்றியது. தையல் கூலி கொடுக்கும் முன்பே இது தெரிந்தது.

கேள்வி கேட்கும் முறைக்குச் சில நடைமுறைகள். நடக்கப்போவதைக் கேட்காமல், நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும். நம் யோசனையைக் கடைசிவரை சொல்லக் கூடாது. சொன்னதும் பாராட்டுத்தான் வரும். இருவராகப் போக வேண்டும்: ஒருவர் பேச, மற்றவர் எதிரில் இருப்பவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். உறவினர்களை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் கடைக்காரரிடம் போகக் கூடாது. "இப்போது இதற்கு என்ன செலவு செய்கிறீர்கள்?" என்று கேட்பது மிக முக்கியம். ஒரு சிக்கலுக்காக யாரும் இதுவரை காசோ நேரமோ செலவழிக்கவில்லை என்றால், அது அவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பெற்றோர் அனுமதியோடு, பகல் நேரத்தில், தெரிந்த தெருக்களுக்கு மட்டும் அனுப்புவது நம் பொறுப்பு.

இது வெறும் செயல்திட்டம்தானே என்று தோன்றலாம். நம் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஏதோ ஒரு சிறு தொழிலைத்தான் தொடங்கப்போகிறார்கள். பல வீடுகளில் அதற்கான முதல், அம்மா மகளிர் குழுவில் வாங்கும் கடனாகத்தான் இருக்கும். விற்பனை ஆனாலும் ஆகாவிட்டாலும் தவணை நாள் வந்துவிடும். அந்தக் கடனை வாங்கும் முன் பத்துப் பேரிடம் சரியாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை, தன் வீட்டைக் காப்பாற்றும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நேரில் போய்க் கேட்டு, எழுதி, "இந்த யோசனை வேண்டாம் என்று முடிவெடுத்தோம் சார்" என்று ஒரு குழு வந்து நின்றால், அழகான மாதிரி கொண்டுவரும் குழுவுக்குத் தரும் அதே பாராட்டை அதற்கும் கொடுங்கள். அந்தக் குழுவும் கற்றிருக்கிறது.