மருத்துவர் கண்ட மாயம்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். பொதிகை என்று தமிழர் போற்றும் மலை அதுவே. தமிழுக்கு இலக்கணம் வகுத்த முனிவராகவும், நோய்க்கு மருந்து கண்ட சித்தராகவும் அகத்தியரை நம் முன்னோர் கொண்டாடினர். மருத்துவமும் சித்தும் ஒருவரிடமே குடிகொள்ளுதல் நமக்குப் புதுமையன்று. அத்தகைய ஒருவரைப் பற்றி அமெரிக்காவில் எடுக்கப்பட்டு, பலராலும் மறக்கப்பட்ட தொலைக்காட்சிப் படம் ஒன்றை இன்று நினைவுகூர விழைகின்றேன்.

அதன் பெயர் ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்’. 1963-ஆம் ஆண்டு ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரும் சித்திரக் கதைக்கெனப் படைத்த வீரர் அவர். சித்திரக் கதையில் அவர் விபத்தில் கைகள் பழுதுற்ற அறுவை மருத்துவர். ஆசிய மலைநாடொன்றில் முதியவர் ஒருவரிடம் மந்திரம் பயில்பவர். பிலிப் டிகேர் எழுதி இயக்கிய படத்திலோ அவர் மனநோய் மருத்துவர். இம்மாற்றமே படத்திற்கு உயிர்.

கிளியா என்னும் இளம்பெண், மார்கன் என்ற சூனியக்காரியின் பிடியில் சிக்கித் தீக்கனவுகளால் துன்புறுகிறாள். மருந்தினால் உறங்கவைக்கப்பட்டவள் பின்னர் விழிக்கவில்லை. வேடம் அணிவதற்கு முன்பே, படைக்கலம் ஏந்துவதற்கு முன்பே, நம் வீரர் செய்யும் முதற்செயல் யாது? அவள் சொல்லைச் செவிமடுத்து நம்புகிறார்! பிறகு, லிண்ட்மர் என்னும் முதிய மந்திரவாதியின் துணையோடு, தம் உடலை விட்டு உயிர் வடிவாகச் சென்று அவளை மீட்கிறார். கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அயலாகத் தோன்றுமோ?

1978 செப்டம்பர் 6 அன்று சி.பி.எஸ். நிறுவனம் இதனை ஒளிபரப்பிற்று. அதே வேளையில் வேறொரு நிலையம் ‘ரூட்ஸ்’ தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. ஆப்பிரிக்காவினின்று அடிமையாகக் கொணரப்பட்ட ஒருவரின் வழித்தோன்றல்கள் பட்ட பாட்டைக் கூறும் தொடர் அது. மக்கள் அதனையே நாடினர். பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் அவர்களைக் குறை கூறுதல் இயலாது. எனினும், அவ்வொரு மாலையோடு டாக்டர் ஸ்டிரேஞ்சின் கதை முடிந்தது. தொடராக வளரும் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. 2016-இல் பெரும்பொருட் செலவில் வந்த திரைப்படம் பழைய படத்தை மேலும் மறைத்துவிட்டது.

படத்தில் குறைகள் உண்டு. கதை மெல்ல நகர்கிறது. மாயக் காட்சிகள் இன்று எளியனவாகத் தோன்றும். ஆயினும், மார்கன் காட்டும் இன்பத்தையும் ஆற்றலையும் நாயகர் மறுக்கும் இடத்தில் படம் உயர்ந்து நிற்கிறது. வலிமை என்பது கைமுட்டியில் இல்லை, தன்னடக்கத்தில் இருக்கிறது என்பதை அது உரக்கக் கூவாமல் உணர்த்துகிறது.

ஒரு மாலை கூட்டம் வராமற்போயிற்று என்பதனாலேயே ஒரு படைப்பு தோற்றுவிட்டதாகாது. அயலூரில் வாழும் அன்பர்களே, வாய்ப்புக் கிட்டுமாயின் இப்படத்தை உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். முடிந்ததும், நம் சித்தர் கதையொன்றை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.