உடம்பையும் கேட்போம்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஏறியது ஒரு பேச்சுப் போட்டிக்கு. பாதியில் மறந்துபோய், கைகால் நடுங்க இறங்கி ஓடினேன். அந்த நடுக்கத்தைப் பற்றிப் படிப்பதே பின்னாளில் என் தொழிலாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது ரொறன்ரோவில் உளச்சிகிச்சையாளராக இருக்கிறேன். "விசருக்கு மருந்து குடுக்கிறனியோ பிள்ளை?" என்று ஊரில் ஒரு மாமி கேட்டார். மருந்து கொடுப்பவர் உளமருத்துவர். நான் ஆட்களோடு இருந்து கதைப்பவள். கதைக்கச் சொல் வராதபோது உடம்பு என்ன செய்கிறது என்பதை அவர்களோடு சேர்ந்து கவனிப்பவள்.

இந்த வழிக்கு என்னைக் கொண்டுவந்தவர் என் அம்மா. அவரும் இங்கே படித்தவர்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் சனநெரிசலில் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். விடியும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

கனடாவுக்கு வந்த பின் அம்மாவுக்கு வலது தோளில் தீராத நோவு. ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். பனடோலும் சித்தாலேபவுமாக வருடங்கள் போயின. ஒருநாள் நானும் அலுத்துப்போய், "எல்லாம் உங்கட யோசினைதான் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அப்போது நான் உளவியல் படித்துக்கொண்டிருந்தவள்.

பயிற்சியில்தான் விளங்கியது. ஆபத்து வந்தவுடன் இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு சுருங்குகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போனால் உடம்பு உறைந்து நிற்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் சிலருடைய நரம்புத் தொகுதி அதை நம்புவதில்லை. கதவு அடித்துச் சாத்தினால் ஷெல் விழுந்ததுபோல நெஞ்சு பதறுகிறது. இது யோசினையும் அல்ல, நடிப்பும் அல்ல.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் உடற்பயிற்சி ஆசிரியை என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். பெர்லினில் கற்பித்த எல்சா கிண்ட்லர், தமக்குக் காசநோய் கண்டபோது தம் மூச்சைக் கூர்ந்து கவனித்துப் பழகித் தேறியவர். அவருடைய மாணவி சார்லொற் செல்வர் 1938இல் அமெரிக்கா சென்று அந்த வழியை அங்கே கற்பித்தார். பீற்றர் லெவின் 1997இல் வெளியிட்ட நூல், மனவடுவுக்கு உடம்பின் வழியாகச் சிகிச்சை செய்வதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

ஆனால் எல்லாம் மேற்கிலிருந்து வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் சனம் மனத்துயரை உடல்நோவாகவே சொல்வதைக் கண்டார். 1998இல் வெளியான 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற நூலில் போரின் உளப்பாதிப்புகளைப் பதிவுசெய்தார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்துக்கேற்ற செபம் என்று எங்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றையே சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். ஒரு பின்னேரம், "என்ன யோசிக்கிறீங்கள்?" என்று கேளாமல், "நோவு எங்கை தொடங்குது அம்மா?" என்று கேட்டேன். யோசிக்காமலே வலது கையைப் பொத்திக் காட்டினார். "அந்தக் கை என்ன செய்யப் பாக்குது?" என்றேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விட்டால் நீ துலைஞ்சு போவாய்" என்று சொல்லி அழுதார். நான் என் மணிக்கட்டைக் கொடுத்தேன். பிடித்தார், மெல்ல விட்டார், மறுபடி பிடித்தார். நான் அங்கேயே இருந்தேன்.

நோவு முற்றாகப் போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து இரவில் நித்திரை கொண்டார். தலையைத் தானே வாரிக் கட்டினார்.

ஒன்றிரண்டு விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன். நெஞ்சுநோவோ தலையிடியோ வந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். வருத்தம் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், நோகிறது என்பவரைப் பொய் சொல்கிறார் என்று நினையாதீர்கள். நடந்ததை முழுக்கச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். பதற்றம் வரும்போது பாதம் இரண்டையும் நிலத்தில் பதித்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள், இதயத்துடிப்பு தணியும். அதற்கும் தணியாத துயரத்துக்கு உதவி தேடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

"நிமிர்ந்து நில், அழாதே" என்று இந்தக் கல்லூரி எங்களுக்குக் கற்பித்தது. நிமிர்ந்து நின்றபடியால்தான் பலவற்றைத் தாண்டினோம். அதற்கு என்றும் நன்றியுடையேன். இன்று இங்கே படிக்கும் தங்கைமாருக்கு ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: நிமிர்ந்து நில்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள்.

இன்று இந்த மேடையிலும் என் கை நடுங்குகிறது. ஆனால் இந்த முறை இறங்கி ஓடவில்லை.